தூவல்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், என் கண்ணுகளே. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமானால் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்? நல்லது. இது சாப்பாட்டைப் பற்றிய கதை, ஆனால் கேட்டு முடித்தால் யாருக்கும் பசிக்காது. அதனால்தான் முன்கூட்டியே கேட்டுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பறை, மேலே வீடு. அடுப்பறையின் சுவர் எந்தக் காலத்தில் என்ன நிறத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மாவு படிந்து படிந்து வெள்ளை. ஜன்னல் கம்பி வெள்ளை, மின்சார ஒயர் வெள்ளை, சிலந்தி வலைகூட வெள்ளைக் கயிறு மாதிரி தொங்கும். அந்த வீட்டில் யாருக்கும் தலை நரைப்பதே தெரியாது என்று தெருவில் கேலி பேசுவோம்.

பேக்கரிக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பது வருடமாக அடுப்பில் கை விட்டு எடுத்ததில் முழங்கை வரை ஒரு முடி கிடையாது. மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம். மகள் ஒருத்தி, புருஷன் விட்டுவிட்டுப் போனதால் அப்பன் வீட்டுக்கே திரும்பி வந்து கடையில் நிற்பவள். மகன் சின்ன மாஸ்டர், விடிந்ததும் வண்டியில் ரொட்டி ஏற்றி டீக்கடை டீக்கடையாகப் போட்டுவிட்டு வருவான். அவனுக்குக் கட்டிக்கொண்டு வந்த பெண்தான் நம் கதைக்குரியவள். கல்யாணத்துக்கு முன்னால் தையல் கம்பெனியில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நானூறு சட்டைக்குப் பொத்தான் ஓட்டை தைத்த விரல்கள்.

வந்தபோதே ஒல்லி. வந்த பிறகு இன்னும் இளைத்தாள். சாப்பிட்ட அரைமணியில் வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்ளும். பிறகு கழிப்பறைதான் கதி. சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. முழங்கையில் கொப்புளம்.

"ரொட்டிக் கடைக்கு வந்து யாராவது இளைப்பாங்களா?" என்பாள் நாத்தனார். "கண்ணாடிப் பெட்டி நிறைய பன்னு இருக்கு, இவ என்னடான்னா குச்சியா நிக்கிறா. வர்றவங்க நம்ம சரக்கைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"இல்லண்ணி, நான் நல்லாத்தான் சாப்பிடறேன்."

"அதான் எனக்கும் புரியல. சாப்பிடறது எல்லாம் எங்கடி போகுது?"

எங்கே போகிறது என்று கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள். ரத்தம் எடுத்தார்கள், தொண்டை வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சீலியாக் என்று ஒரு பேர் சொன்னார்கள். கோதுமையில் இருக்கிற ஏதோ ஒன்று குடலுக்குள் போனால், உடம்பே தன் குடலை அரித்துவிடுமாம். மருந்து கிடையாது. அதைச் சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து. ரத்தத்தில் ஒரு எண் பார்ப்பார்கள். இருபதுக்குள் இருக்க வேண்டியது அவளுக்கு நூற்றி எண்பது.

டாக்டர் அவர்களைச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார். மாஸ்டர், மகன், மருமகள் மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள்.

"கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆகாது. ஒரு துணுக்கு, ஒரு துகள்கூட ஆகாது" என்றாள் அந்த அம்மா. "வீட்டுல தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் துணி. ஒரே எண்ணெய்ல பூரியும் பொரிச்சு இவங்களுக்கும் பொரிச்சா அந்த எண்ணெய் ஆகாது. கடையில எது வாங்கினாலும் பின்னாடி எழுதியிருக்கிறதைப் படிங்க. மால்ட்னு இருந்தா வேணாம், அது பார்லிதான். பெருங்காயத் தூள்ல மைதா கலப்பாங்க, பாத்து வாங்குங்க. மாத்திரை வாங்கும்போதுகூட அதுல என்ன மாவு கலந்திருக்குன்னு கேளுங்க."

மாஸ்டர் கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

"அம்மா, கோதுமையில எதும்மா கெட்டது? தவிடா? உள்ளேயா?"

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பேக்கரிம்மா."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அப்போ உங்களுக்குச் சுலபமாப் புரியும். பிசைஞ்ச மாவை இழுத்தா ரப்பர் மாதிரி நீளுது இல்லையா? அந்த இழுவைதான்."

இதை மாஸ்டரிடம் போய்ச் சொல்கிறாள் பாருங்கள். மாவு மூட்டை வந்தால் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து இழுத்துப் பார்த்து, அறுந்தால் வண்டியோடு திருப்பி அனுப்புகிற மனிதர். "இழுவை இருந்தாத்தான் மாவு, இல்லைன்னா சுண்ணாம்பு" என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். வீடு வரும் வழியெல்லாம், "இழுவையா? இழுவையா ஆகாது?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வந்தாராம்.

ஆனால் நல்ல மனிதர். நான் அதை மறைக்கமாட்டேன். அன்று மாலையே மாடி அடுப்பங்கரையைக் கழுவிவிட்டு, பழைய பாத்திரம் எல்லாவற்றையும் கீழே இறக்கினார். மருமகளுக்குப் புதுச் சட்டி, புதுக் கரண்டி, புதுப் பலகை. அடுப்பறைப் பக்கம் அவள் தலையே காட்டக் கூடாது என்று உத்தரவு. மகன் மேலே ஏறுமுன் சட்டையைக் கீழேயே கழற்றிப் போட்டு, கைகால் கழுவிவிட்டு ஏற வேண்டும். முதல் மாதம் சொன்னபடி செய்தான். இரண்டாம் மாதம் கை மட்டும் கழுவினான். மூன்றாம் மாதம் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சட்டையோடு அப்படியே மேலே போய்ப் படுத்துவிடுவான்.

நாத்தனார் அவளுக்கு ஒரு பேர் வைத்தாள். அரிசி.

"ஏய் அரிசி, துணி காயுது, எடுத்து மடி." "அரிசிக்கு மட்டும் தனிச் சோப்பாம், கேட்டீங்களா?" கடைக்கு வருகிறவர்களிடம், "எங்க வீட்டு மருமகளுக்கு எங்க ரொட்டி விஷமாம். நீங்க பயப்படாம வாங்குங்க" என்று சிரிப்பாள். அப்படிச் சொல்லும்போது சிரிப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன். போகட்டும்.

ரொட்டி இல்லாத வீடா அது? மேலே படுத்திருப்பவளுக்கு விடியற்காலையில் வெந்த ரொட்டியின் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வரும். சின்ன வயதிலிருந்து டீயில் தோய்த்துத் தின்ற பெண். ஒரு நாள் மாமனாரிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"மாமா, சோறு தின்னு தின்னு எனக்கே சோறாப் போச்சு. வாசனைக்கு மட்டும் ஒரு டிக்கெட் போட்டு விக்கலாம் நீங்க."

அது மாஸ்டரைத் தைத்துவிட்டது. நாற்பது வருடம் ஊருக்கே ரொட்டி சுட்டவன், மருமகளுக்கு ஒரு ரொட்டி சுட முடியாதா?

பதினேழு நாள் அதோடு மல்லுக்கட்டினார். அரிசி மாவுக்கு இழுவை கிடையாது. பிசைந்தால் உதிரும், வேகவைத்தால் செங்கல். முட்டை சேர்த்தார், உருளைக்கிழங்கு மாவு சேர்த்தார், ஊறவைத்த விதையின் கொழகொழப்பைச் சேர்த்தார். பிசைகிற பதத்தை விட்டு ஊற்றுகிற பதத்துக்கு வந்த பிறகுதான் அது எழும்பியது. அரிசியைக் கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியில் தானே அரைத்தார். மழை நாளில் அரிசி காயாது, அடுப்பின் மேல் தட்டில் துணி விரித்து உலர்த்துவார். மைதா மூட்டையை அவிழ்க்குமுன், அடுப்பைத் துடைத்து, முதல் ஈடு அவளுடையதுதான். அவளுக்கென்று ஒரு டின் வாங்கி, காதில் சிவப்பு நூல் கட்டி வைத்தார்.

முதல் ரொட்டியை மேலே கொண்டுபோய்க் கொடுத்தபோது அவள் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு அழுதாள். "மாமா, ரொட்டி மாதிரியே இருக்கு."

"மாதிரி என்னம்மா மாதிரி. ரொட்டிதான்."

இப்போது கேளுங்கள், கண்ணுகளே. உங்களிடம் எதையும் ஒளித்து வைத்துக்கொண்டு கதை சொல்லமாட்டேன்.

பேக்கரிக்காரர்கள் டின்னில் மாவு ஊற்றுமுன் எண்ணெய் தடவுவார்கள். தடவிய கையோடு ஒரு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே உதறுவார்கள், ரொட்டி ஒட்டாமல் கழன்று வர. அதற்குத் தூவல் என்று பேர். மைதாவைச் சலிக்கும்போது சல்லடைக்கு அடியில் புகை மாதிரி விழுகிறது பாருங்கள், அதுதான் தூவல். மூட்டையில் இருக்கிறவரை அது மாவு. டப்பாவுக்குள் போய்விட்டால் தூவல். ஒரு ரொட்டிக்கு எத்தனை மாவு என்று கேட்டால் தூவலை யாரும் சேர்த்துச் சொல்லமாட்டார்கள். தூவாத டின்னை அம்மண டின் என்பார் மாஸ்டர். வேலை கற்றுக்கொள்ள வந்தவன் ஒரு தடவை அம்மண டின்னை அடுப்புக்குள் தள்ளியதற்கு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

சிவப்பு நூல் கட்டிய டின்னையும் அவர் அம்மணமாக விடவில்லை. எண்ணெய் தடவினால் கை தானாக டப்பாவுக்குப் போகும். கண் அதைப் பார்ப்பதில்லை. நாற்பது வருடக் கை.

அவள் தினமும் இரண்டு துண்டு தின்றாள்.

ஆறு மாதம் கழித்து ரத்தம் பார்த்தார்கள். எண் நூற்றி எழுபத்தைந்து. "சிலருக்கு மெதுவாத்தான் இறங்கும்" என்றார் டாக்டர். அந்த நேரத்தில்தான் அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மாஸ்டர் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு பன் கூடுதலாகப் போட்டுக் கொடுத்தார். மருமகளுக்கு இரண்டு துண்டு நான்கு துண்டானது. "வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு. நல்லா சாப்பிடும்மா."

மூன்றரை மாதத்தில் கலைந்துவிட்டது.

"அந்த நோய் அடங்காம இருந்தா இப்படி ஆக வாய்ப்பு உண்டு" என்றார் டாக்டர். "இதனாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நோய் ஏன் அடங்கலைன்னு பாக்கணும். ஒழுங்கா சாப்பாட்டுல இருக்காங்களா?"

அந்தக் கேள்வியை நாத்தனார் பிடித்துக்கொண்டாள். படிக்கட்டில் ரொட்டித் துணுக்கு கிடக்கிறதா என்று தினமும் குனிந்து பார்த்தாள். கிடந்தது.

"இது என்னடி?"

"அவரு சட்டையிலேர்ந்து விழுந்திருக்கும் அண்ணி."

"ஓ, சட்டை. சட்டைக்குப் பல்லு இருக்கா, பிட்டுப் பிட்டுப் போடறதுக்கு? எங்கப்பா விடியறதுக்கு முன்னாடி எழுந்து உனக்குன்னு தனியா சுடறாரு. நீ என்னடான்னா நாங்க அசந்த நேரம் பாத்து இறங்கி வந்து பன்னு திங்கிற. வயித்துல இருந்ததைவிட உனக்குப் பன்னு பெருசாப் போச்சு."

"அண்ணி, அப்படிப் பேசாதீங்க. நான் தொட்டதுகூட இல்ல."

"அப்புறம் ஏன் இறங்கல? நம்பர் ஏன் இறங்கல?"

இராப்பகலாக அவளும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். பல்பொடியை மாற்றினாள். உப்பை மாற்றினாள். அஞ்சல் உறையின் பசையில் மைதா இருக்குமோ என்று அக்காவுக்குக் கடிதம் எழுதுவதையே நிறுத்தினாள். மாமனார் கையால் வருகிற ரொட்டியை மட்டும் அவள் சந்தேகப்படவில்லை. அந்த வீட்டில் அவளை மனுஷியாக நடத்துகிற ஒரே கை அது.

ஒரு வருடம் ஆனதும் மறுபடி ஆஸ்பத்திரி. மகனுக்கு வண்டி வேலை. மாஸ்டர்தான் கூடப் போனார், ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு. அவள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றபோது, அவர் அந்த ஆலோசனை அம்மா முன்னால் உட்கார்ந்து துணியைப் பிரித்தார்.

"நானே சுட்டதும்மா."

அந்த அம்மா அழுத்திப் பார்த்தாள். "அரிசியிலயா? நம்பவே முடியல. இவ்வளவு பாத்துப் பண்ணியும் ஏன் இறங்கலைன்னுதான் தெரியல. ஒவ்வொண்ணா சொல்லுங்கய்யா, எழுதிக்கறேன். அரிசி எங்க அரைக்கிறீங்க?"

"வீட்டுலதாம்மா. மில்லுல கோதுமையும் அரைப்பாங்க, போகாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"பலகை?"

"பலகையே கிடையாது. ஊத்தற பதம். கரண்டிகூட அவளுக்குன்னு தனி. என் பொண்ணு எடுத்தான்னா கையில ஒரு அடி வெப்பேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே எழுதினாள். "அடுப்பு?"

"துடைச்சுட்டு முதல் ஈடு அவளுது."

"டின்?"

"தனி டின். சிவப்பு நூல் கட்டியிருக்கேன்."

"ஒட்டாம இருக்க என்ன தடவறீங்க?"

"எண்ணெய் தடவி..." என்று ஆரம்பித்தார் மாஸ்டர். அப்போது அவருடைய வலது கை மேசைக்கு மேலே தானாக எழுந்து, கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து, காற்றில் இரண்டு தடவை உதறியது.

அந்த அம்மா காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் தன் கையைப் பார்த்தார்.

எத்தனை நேரம் பார்த்தாரோ. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள். மூன்றரை மாதம் என்பது அவர் கண் முன்னால் வந்து நின்றிருக்கும். நான்கு துண்டு நான்கு துண்டாகத் தட்டில் வைத்ததும் வந்திருக்கும்.

"எண்ணெய் தடவி?" என்றாள் அந்த அம்மா.

மாஸ்டர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எண்ணெய்தாம்மா. எண்ணெய் மட்டும்தான்."

அவள் எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாளில் முடிவு வந்தது. நூற்றி அறுபத்தி இரண்டு. கூடவே ஒரு குறிப்பு. நாத்தனார் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு எல்லோருக்கும் கேட்கப் படித்தாள். "வீட்டில் செய்யப்படும் ரொட்டியின் செய்முறையில் குறை இல்லை. நோயாளி தெரியாமலோ தெரிந்தோ வேறு உணவு உட்கொள்கிறாரா என்று குடும்பத்தார் கவனிக்கவும்." படித்துவிட்டுக் காகிதத்தைத் தம்பி மடியில் போட்டாள்.

"ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்துட்டான். இனிமே நான் சொல்லலைப்பா."

சின்ன மாஸ்டர் காகிதத்தை இன்னொரு தடவை படித்தான். அவன் கெட்டவன் இல்லை, களைத்துப்போனவன். மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"ஒரு தடவை சாப்பிட்டேன்னு சொல்லிடு. ஆசை தாங்கல, சாப்பிட்டேன்னு சொல்லு. நான் மன்னிச்சுடறேன். இத்தோட விட்டுடலாம்."

"சாப்பிடலைங்க."

"நான் கோவிச்சுக்கமாட்டேன்டி. சொல்லித் தொலை. பிள்ளை போச்சே, எதனால போச்சுன்னாவது எனக்குத் தெரிய வேணாமா?"

"எனக்கும் தெரிய வேணும். ஆனா சாப்பிடாததை எப்படிங்க சாப்பிட்டேன்னு சொல்லுவேன்? சொன்னா என் பிள்ளையை நானே கொன்னதா ஆகாதா?"

"பொய் சொல்றவகூட என்னால இருக்க முடியாது. ஒண்ணு ஒத்துக்கோ. இல்லைன்னா உங்கக்கா வீட்டுக்குப் போ."

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். அவர் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்னைத் தெரியும். நான் திருடித் திங்கிறவளா?"

நாத்தனாரும் பார்த்தாள், மகனும் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். இரண்டு அட்சரம்கூட வேண்டாம், அந்த டப்பாவை எடுத்து நடுவில் வைத்திருந்தால் போதும்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்" என்றார் மாஸ்டர்.

மறுநாள் விடியலில் அவர் வழக்கம்போல எழுந்தார். அரிசி மாவைக் கரைத்தார். டின்னில் எண்ணெய் தடவினார். இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மண டின்னில் ஊற்றி அடுப்புக்குள் தள்ளினார். வெந்த ரொட்டி டின்னை விட்டு வரவில்லை. தட்டினார், கத்தியை விட்டுச் சுழற்றினார். மேல்பாதி கையோடு வந்தது, கீழ்ப்பாதி ஒட்டிக்கொண்டது. சுரண்டி எடுத்து, கிழிந்ததைக் கிழிந்தபடியே காகிதத்தில் சுற்றினார்.

அவள் பெட்டியோடு இறங்கி வந்தபோது வாசலில் வைத்துக் கொடுத்தார். "வழிக்கு வெச்சுக்கோம்மா."

அவள் பிரித்துப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் தட்டுக்குப் பொன் நிறத்தில், நறுக்கினால் நூல் பிடித்த மாதிரி வந்த ரொட்டி. இன்று சுரண்டிய துண்டுகள். இவரும் என்னைக் கழித்துவிட்டார் என்று நினைத்திருப்பாள். வேறு என்ன நினைப்பாள்? காகிதத்தை மூடி, அப்படியே படியில் வைத்துவிட்டுப் போனாள். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் சுத்தமான ரொட்டி அது. காக்கை தின்றது.

அக்கா வீட்டில் அதிக நாள் தங்கவில்லை. பழைய தையல் கம்பெனியிலேயே வேலைக்குச் சேர்ந்து, பக்கத்தில் ஒற்றை அறை பிடித்தாள். ஒரு சட்டி, ஒரு கரண்டி, ஒரு தட்டு. சோறு, காய், முட்டை. கம்பெனியில் யாராவது பிறந்தநாளுக்குக் கேக் நீட்டினால், "எனக்கு ஆகாது, என் பங்கை நீ தின்னு" என்பாள். முதலில் கோபித்துக்கொண்டவர்கள் பிறகு அவளுக்கென்று வாழைப்பழம் வாங்கி வைத்தார்கள். தையல் மேசையில் பன் தின்றவர்கள் அவள் வருமுன் துடைத்துவிட்டார்கள். அவள் சொன்னாள், அவர்கள் கேட்டார்கள், அவ்வளவுதான். மூன்று மாதத்தில் வயிறு அடங்கியது. ஆறு மாதத்தில் முடி கொட்டுவது நின்றது. கன்னத்தில் சதை வந்தது.

ஒரு வருடம் முடிந்ததும் அவளே போய் ரத்தம் கொடுத்தாள். பதினான்கு.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவள் அன்று நடந்த வேகத்தை நான் என் வாசலிலிருந்து பார்த்தேன். புதுச் சேலை கட்டியிருந்தாள். சாயங்காலக் கூட்டம், கடையில் ஏழெட்டுப் பேர். நேரே போய்க் கண்ணாடிப் பெட்டி மேல் விரித்து வைத்தாள்.

"படிங்க அண்ணி. அன்னிக்கு மாதிரி எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க. பதினாலு. நான் சாப்பாட்டுல ஒழுங்கா இருக்கிறவன்னு இப்பவாவது தெரியுதா?"

சின்ன மாஸ்டர் டிரேயைக் கீழே வைத்துவிட்டு வந்தான். தேறிய மனைவியைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. வாயைத் திறந்தான்கூட. அதற்குள் நாத்தனார் படித்து முடித்துவிட்டாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இங்க இருந்த வரைக்கும் நூத்தி அறுபது. ரொட்டிக் கடையை விட்டுப் போனதும் பதினாலு. கைக்கெட்டற தூரத்துல பன்னு இல்ல, நோயும் இல்ல. அடி அரிசி, நாங்க ஒரு வருஷமா தேடின சாட்சியை நீயே கொண்டுவந்து குடுத்துட்டியே!"

கூட்டத்தில் யாரோ, "அட, ஆமா" என்றார்கள். பாலுக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு போன பெண் நின்று தலையாட்டினாள். கணக்கு அத்தனை சரியாக இருந்தது, கண்ணுகளே. சின்ன மாஸ்டரின் முகத்தில் மலர்ந்தது மெல்ல மூடிக்கொண்டது.

"அப்போ நிஜமாவே..." என்றான்.

"இல்லைங்க. இந்த வீட்டுலதான் ஏதோ இருக்கு. எனக்குத் தெரியாம ஏதோ ஒண்ணு இங்கதான்..."

"கேட்டியா? இப்போ நம்ம வீட்டு மேல பழி." நாத்தனார் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "அப்பா! இங்க வாங்க. நீங்களே சொல்லுங்க. நம்ம வீட்டுல இவளுக்கு ஏதாவது கலந்து குடுத்தோமா? திருடித் தின்னதாலதானே அத்தனையும்?"

மாஸ்டர் அடுப்பறை வாசலுக்கு வந்து நின்றார். மருமகளின் கன்னத்தைப் பார்த்தார், முடியைப் பார்த்தார். காகிதத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா" என்றார்.

அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இறங்கிப் போகும்போது நடையில் வேகம் இல்லை. அடுத்த மாதமே சின்ன மாஸ்டருக்கு வேறு பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். ரொட்டி நன்றாகச் சாப்பிடுகிற பெண்ணாகப் பாருங்கள் என்று நாத்தனார் தரகரிடம் சொன்னதற்குத் தெருவே சிரித்தது.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டு அடுப்பு குளிராமல் இருக்கட்டும், என் கண்ணுகளே. உங்கள் வீட்டில் ஒருவருக்கு ஒன்று ஆகாதென்றால், ஆகாது என்று மற்றவர்கள் அப்படியே நம்பட்டும். நல்ல மனது உள்ளவர்கள் உங்கள் வீட்டில் நிறைய இருக்கட்டும். அவர்களில் ஒருவருக்காவது, நடந்த அன்றைக்கே, நான்தான் என்று சொல்ல வாய் வரட்டும்.